பொம்மைக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்

(தொலைக்காட்சி அரங்க நிகழ்ச்சியில் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொம்மை அரும்பொருளகத்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பழைய பிஸ்கட் டின். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பாட்டி 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தோம். அலமாரியின் மேல்தட்டில் அந்த டின் இருந்தது. உள்ளே, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு ஜோடி மரப்பாச்சி. பெண் பொம்மையின் இடது கை உடைந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற என் அக்காள் மகளுக்கு அப்போது ஆறு வயது. "இது யாரு? கை எப்படி உடைஞ்சுது? யாரு கட்டுனா?" என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பாட்டி அந்த ஜோடிக்குப் புதுத் துணி கட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. சொந்தப் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஓவியரும் ஒரு பொம்மையும்

பொம்மை அரும்பொருளகம் என்றதும் நம்மவர்கள் முதலில் சொல்வது டெல்லியில் பகதூர் ஷா ஜாபர் சாலையில் உள்ள ஷங்கர் பன்னாட்டுப் பொம்மை அரும்பொருளகத்தை. அதை உருவாக்கியவர் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திர ஓவியர் சங்கர் பிள்ளை. அவர் நடத்திய சிறுவர் போட்டிக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக, ஹங்கேரித் தூதர் பிரதமர் நேருவிடம் ஒரு பொம்மையைக் கொடுத்தார். அந்தப் பொம்மை சங்கரின் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு பொம்மையோடு திரும்பினார். 1965 நவம்பர் 30ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அந்த அரும்பொருளகத்தைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பொம்மைகளோடு தொடங்கிய சேகரிப்பு, பின்னர் 85 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளாக வளர்ந்தது.

அங்கே ஒரு பட்டறையும் அமைத்தார்கள். இந்தியாவின் பல மாநில உடைகளில் கையால் பொம்மைகள் செய்து வெளிநாடுகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் நாட்டுப் பொம்மைகளை அனுப்பினார்கள். அசல் பண்டமாற்று! விமானம் ஏறவே வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிகளே உலகப் பயணமாக இருந்தன.

இதில் ஒரு குறையும் உண்டு. நாட்டுக்கு ஒரு பொம்மை என்று வைத்தால், அது பெரும்பாலும் திருவிழா உடையில்தான் நிற்கும். பாத்திரம் கழுவுகிற பொம்மை, வேலைக்குப் போகிற பொம்மை எத்தனை பார்த்திருக்கிறோம்? நம் பள்ளிகளில் ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாளன்று பிள்ளைகள் சேலையும் சியோங்சாமும் பாஜு குரோங்கும் உடுத்தி வருகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் 1964இல் இங்கே இனக் கலவரம் நடந்தது, அந்த நாளை மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இது என்று யாராவது உட்கார்ந்து சொன்னால்தானே உடைக்கு ஓர் அர்த்தம் வரும்? பொம்மைக்கும் அப்படித்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகத் துறை படித்தபோது முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: படத்தின் கீழே யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு இல்லையென்றால் அது செய்திப் படம் ஆகாது. பொம்மையை வரலாறாக்குவதும் அந்தக் குறிப்புதான்.

கடவுச்சீட்டு வைத்திருந்த பொம்மைகள்

நம் கொலுவைப் போலவே ஜப்பானியர்களும் மார்ச் 3ஆம் தேதி சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். ஹினா மட்சுரி என்று பெயர். 1924இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு ஜப்பானியர்கள் குடியேறுவதைத் தடுத்தது. இரு நாட்டுக்கும் கசப்பு. ஜப்பானில் பல ஆண்டு வாழ்ந்த சிட்னி குலிக் என்ற பாதிரியார், பிள்ளைகள் வழியாகவாவது நட்பு வளரட்டும் என்று நினைத்தார். 1927இல் அமெரிக்காவிலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான பொம்மைகள் அந்தத் திருநாளையொட்டி ஜப்பான் போய்ச் சேர்ந்தன. அவை பெயரோடும் கடிதத்தோடும் கடவுச்சீட்டோடும் போயின! பதிலுக்கு ஜப்பான் கிமோனோ உடுத்திய 58 பெரிய பொம்மைகளை அனுப்பியது.

பிறகு போர் வந்தது. எதிரி நாட்டுப் பொம்மை என்று பள்ளிகளில் இருந்தவற்றை எரித்தார்கள், உடைத்தார்கள். ஆனாலும் சில ஆசிரியர்கள் ஒளித்து வைத்தார்கள். அப்படி ஏறத்தாழ முந்நூறு பொம்மைகள் பிழைத்தன. ஒரு வகுப்பில் அந்தப் பொம்மையை வைத்து இந்தக் கதையைச் சொன்னால், போர் என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாதா?

இன்னொன்றும் சொல்கிறேன். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைச் சிறு பிள்ளைகள் முன் வைத்தார்கள். நல்ல பொம்மை எது என்று கேட்டதற்கு, கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல் இருப்பது எது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது இவர்களின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது.

இதைப் படித்தபோது என் பொம்மைப் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் பொன்னிறத் தலைமுடி. என் நிறத்தில் வீட்டில் இருந்த பொம்மைகள் கொலுப்படியில் மட்டும்தான். "தொடாதே, உடைஞ்சிரும்" என்று அதட்டுவார்கள்!

நம் வீட்டுப் படிகள்

சிங்கப்பூரில் இதற்கெல்லாம் இடம் இல்லாமல் இல்லை. சியா ஸ்திரீட்டில் ஐந்து மாடிக் கட்டடத்தில் மின்ட் விளையாட்டுப் பொருள் அரும்பொருளகம் 2007இல் திறக்கப்பட்டது. தேக்காவில், கேம்பல் லேனில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் வந்தது. முன்பு அஞ்சல்தலை அரும்பொருளகம் இருந்த கோல்மன் ஸ்திரீட் கட்டடத்தில் 2022 டிசம்பரில் சிறுவர்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் திறந்தார்கள். கட்டடம் கட்டுவது அரசாங்கத்தாலும் சேகரிப்பாளர்களாலும் முடியும். பாட்டியின் கதையை வாங்கி வைப்பது நம் வேலை.

கொலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்படியில் தெய்வங்கள் இருந்தால், கீழ்ப்படியில் செட்டியாரும் அவர் மனைவியும் பருப்பும் அரிசியும் பரப்பிக் கடை வைத்திருப்பார்கள். வேலை செய்கிற மனிதர்களுக்கு அங்கே இடம் உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளினாலும் அது ஏன் நிமிர்கிறது என்று கேட்டால், அடிப்பாகத்தின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் பற்றிய அறிவியல் பாடம் கிடைக்கும். மரப்பாச்சி எந்த மரம் என்று கேட்டால், ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளில் வளரும் செம்மரம் வரை போகலாம். அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1995 முதல் கட்டுப்பாடு வந்த கதை சுற்றுச்சூழல் பாடம். அந்தப் பொம்மையைப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராகக் கொடுக்கும் வழக்கம் சமூகப் பாடம். இத்தனை பாடமும் நம் சாமான் அறையில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறக்கும்போது, பிள்ளைகளைத் தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். பொம்மைக்கு ஒரு சிறு அட்டை. யார் கொடுத்தது, எங்கே வாங்கியது, எப்படி இங்கே வந்தது என்று பிள்ளையின் கையாலேயே எழுதட்டும். கைத்தொலைபேசியில் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கொலு வைக்காத வீடா? ஒரு மரக் குதிரையோ துணிப் பொம்மையோ இல்லாமலா இருக்கும்? அதற்கும் எழுதுங்கள். பிறகு எந்த அரும்பொருளகத்துக்குக் கொடுத்தாலும் அது முழுமையாகப் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டு மரப்பாச்சிக்கும் அக்காள் மகள் ஓர் அட்டை எழுதியிருக்கிறாள். "கொள்ளுப்பாட்டியுடையது. கப்பலில் வந்திருக்கலாம். கையைக் கட்டியது யார் என்று தெரியவில்லை." அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்வு. உங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள்.