வகுப்பில்லாமல் எழுதிய பரீட்சை



அமெரிக்காவிலிருக்கும் எங்கள் வகுப்புத் தோழியின் மகள் 'கிளெப்' பரீட்சைக்குப் படிக்கிறாள். வகுப்புக்குப் போகாமலே எழுதலாம். 20 முதல் 80 வரையான புள்ளியில் 50 எடுத்தால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாக ஏற்கும். "வகுப்பே இல்லாமல் முடியுமா, அம்மா?" என்று கேட்டாளாம்.

நாங்கள் 1996ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். 1995 ஒக்டோபர் 30இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது புத்தகங்களில் பாதி வீட்டிலேயே கிடந்தன. தென்மராட்சியில் ஐந்து பேருக்கு ஒரு பௌதிகவியல் கொப்பி. கடந்தகால வினாத்தாள்களைக் கையால் பார்த்தெழுதினோம். விளங்கியவளே மற்றவர்களுக்கு ரீச்சர். குப்பி விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை படிப்பு.

சித்தியடைந்தோம், எல்லோரும் அல்ல. எங்களில் கெட்டிக்காரியின் குடும்பம் வன்னிக்குப் போனது. அவள் பரீட்சை எழுதவேயில்லை.

மருத்துவபீடத்துக்கு வந்த பிறகுதான் அளவியை முதன்முதல் தொட்டோம். சமன்பாடு மனப்பாடம், நியமிப்புச் செய்யக் கை நடுங்கியது. பக்கத்தில் நின்று பிழை திருத்த ஒரு ரீச்சர் இல்லாமல் படித்ததன் குறை அன்றுதான் தெரிந்தது.

தங்கைகளே, தனியே படித்தும் தேறலாம். நாங்கள் தேறினோம், வேறு வழியில்லாமல். உங்களுக்கு ஆய்வுகூடம் இருக்கிறது, ரீச்சர்மார் இருக்கிறார்கள். ரியூசனை நம்பி வகுப்பை வெறுமையாக விடாதீர்கள். அந்த வாங்குகளில் இருக்கத்தான் நாங்கள் ஏங்கினோம்.