பள்ளியின் நினைவுக் களஞ்சியம்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



கிராமப் பள்ளிகள் பலவற்றில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையானுக்கு இரையாகி வருகின்றன. அவற்றைக் காப்பது வீண் செலவு எனக் கருதுவோரும் உளர். அவர்களுக்கு ஜப்பான் நாட்டு ஒக்கினாவாத் தீவின் செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அத்தீவில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றும், ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் இணைந்து இயங்கின. 1945 மார்ச்சில் போர் நெருங்கவே, அவற்றிலிருந்து 222 மாணவியரும் 18 ஆசிரியர்களும் இராணுவ மருத்துவமனைப் பணிக்கு அனுப்பப்பட்டனர். 'ஹிமேயூரி' மாணவியர் என்று உலகம் இன்று அறிவது இவர்களையே. மருத்துவமனை என்பது குகைதான்! ஜூன் 18ஆம் நாள் இரவு, குண்டுமாரிக்கு நடுவே அவர்களுடைய அணி கலைக்கப்பட்டது. 240 பேரில் 136 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வுத்தரவுக்குப் பின் வந்த சில நாட்களில் இறந்தவர்கள். பள்ளிகள் மீண்டும் திறக்கப்படவே இல்லை.

பள்ளி மறைந்தது, பழைய மாணவியர் சங்கம் மறையவில்லை. அச்சங்கத்தார் முயன்று 1989 ஜூன் 23ஆம் நாள் நினைவுக் காட்சிசாலை ஒன்றைத் திறந்தனர். இறந்தோர் ஒவ்வொருவரின் பெயரும், இயல்பும், மாண்ட வகையும் அங்கே எழுதப்பட்டுள்ளன. உயிர் தப்பியவர்கள் முதுமையிலும் வருவோரிடம் நேரில் எடுத்துரைத்தனர். இத்தனை பேர் இறந்தனர் என்று ஒரு கல்வெட்டில் பொறித்துவிட்டு அவர்கள் ஓய்ந்திருக்கலாம், அங்ஙனம் செய்யவில்லை.

நம் பள்ளிகளிலும் கல்வெட்டுகள் உண்டு. திறந்து வைத்தவர் பெயரும் தலைமை வகித்தவர் பெயரும் அவற்றில் இருக்கும். படித்தவர் பெயர் ஒன்றும் இராது! அது பதிவேட்டில்தான் உள்ளது. அவ்வூரில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பெண் யார், கூலிக்காரர் வீட்டிலிருந்து முதலில் எழுத்தறிந்தவர் யார் என்பதற்கு வேறு சான்று ஏது? பிறந்த தேதிக்காக அலையும் முதியவருக்கும் அதுவே துணை.

பதிவேட்டைத் தரையிலும் ஈரச் சுவரோரத்திலும் வைக்கலாகாது. ஓர் இரும்பு பீரோ போதும். பழைய வகுப்புப் படங்கள் வீடுகளில் இருப்பின் பிரதி எடுத்துச் சேர்க்கலாம். படத்தில் உள்ளவர்களின் பெயரை மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். சாதி குறித்த கலத்தை மட்டும் பிறர் பார்வைக்கு வைக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்திற்கு வருகையில், தத்தம் ஊர்ப் பள்ளியில் எந்த ஆண்டு முதல் பதிவேடு உள்ளது, எவ்வாண்டுக்குரியது கிடைக்கவில்லை என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதி வருமாறு வேண்டுகிறேன்.