வீட்டுக் கல்விக்கும் ஒரு பதிவேடு வேண்டும்



பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், தாயும் தந்தையுமே ஆசிரியராக நின்று, பாடத்தையும் பக்தியையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கும் முறைக்கு வீட்டுக் கல்வி என்று பெயர். அமெரிக்காவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருமளவில் கைக்கொண்ட இம்முறையை இந்தியாவிலும் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் தேர்ந்துகொள்கின்றன. அத்தேர்வு நியாயமானது என்பதும், ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நின்று அந்த நியாயத்தைப் பேசுகிறவர்கள் வேறெந்த ஊராருக்கும் இல்லாத ஒரு பழைய கடனைத் தீர்த்த பிறகே பேசத் தகுதி பெறுவார்கள் என்பதும் இம்மேடையில் வைக்கப்படும் வழக்கு.

அக்குடும்பங்களின் காரணத்தை முதலில் அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். வேதத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம், கட்டளைகளைப் பிள்ளைகளுக்குப் புகட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைக்கிறது. அதையும் வாரத்தில் ஒரு மணி நேர வேலையாக வைக்காமல் அன்றாட வாழ்வின் எல்லா வேளைகளிலும் நடக்க வேண்டிய உரையாடலாக வைக்கிறது. தீமோத்தேயு விசுவாசத்தைப் பெற்றது பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும்தான். இப்படி நம்புகிற குடும்பத்துக்கு ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பாடசாலை போதாது என்று தோன்றுவதில் வியப்பில்லை. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, அதன்மேல் டியூஷன் என்று ஓடிவிட்டு இரவில் சோர்ந்து திரும்பும் பிள்ளை குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவதை அந்தத் தாய் அன்றாடம் பார்க்கிறாள்.

மேல்நிலைப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பெற்றது. அது பெருமைதான். ஆயினும் மதிப்பெண்ணே கல்வி என்னும் எண்ணம் தமிழ்நாடு முழுவதும் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்குச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை: பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்ததால்தான், 2017-18 கல்வியாண்டில் அரசு பதினோராம் வகுப்புக்கும் ஒரு பொதுத்தேர்வைக் கொண்டுவர நேர்ந்தது. இந்த ஓட்டத்திலிருந்து தன் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் குடும்பத்தைப் பைத்தியக்காரக் குடும்பம் என்று ஏசுவோர், அந்தக் குடும்பம் எதைக் கண்டு விலகியது என்பதை ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்கட்டும்.

பள்ளிகளைக் கட்டிய கிறிஸ்தவர்களின் பிள்ளைகளே பள்ளியை விட்டு விலகுவதா என்று சிலர் கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற மிஷனரி ராக்லாண்டு, 1854 முதல் வடதிருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரமடித்து ஊழியம் செய்து 1858இல் சிவகாசியிலேயே உயிர்நீத்தார். சிவகாசிக்கு அருகே சாட்சியாபுரத்தில் திருச்சபைப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. ஆனால் மிஷன் பள்ளிகள் திறக்கப்பட்டது, எழுத்தறிய வழியில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்காகவும், திண்ணைப் பள்ளிக்கூடங்கள் சேர்த்துக்கொள்ளாத சாதிகளின் பிள்ளைகளுக்காகவும், பெண்களுக்காகவும். கற்பிக்கக்கூடிய பெற்றோரின் கையிலிருந்து பொறுப்பைப் பறிப்பது அவற்றின் நோக்கமாக இருந்ததில்லை. ஆகவே இக்கேள்வி கேட்பதற்குக் கூர்மையாக இருந்தாலும் வழக்கைத் தீர்க்கவில்லை. வழக்கைத் தீர்க்கக்கூடிய கேள்வி வேறொன்று: வீட்டில் இருக்கும் பிள்ளை அங்கே என்ன செய்கிறாள்?

இந்தக் கந்தக பூமியில் 'பிள்ளை வீட்டில் இருக்கிறாள்' என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான் இருந்தது. அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கோ ஆலை: விடியுமுன் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வந்து தூக்கக் கலக்கத்தில் இருந்த சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. தீக்குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், வெடிக்குழாய் உருட்டுவதும், சரம் பின்னுவதும் சின்ன விரல்களுக்கே ஏற்ற வேலை என்று சொல்லப்பட்டது. சிவகாசியின் பட்டப்பெயரைத் தலைப்பில் தாங்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990இல் இவர்களைத்தான் உலகத்துக்குக் காட்டியது. குழந்தைத் தொழிலாளரை ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்குவதற்காக 1986இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்கூட, குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்திருந்தது. அதாவது, சட்டம் வீட்டு வாசலோடு நின்றுகொண்டது. வேலையோ வாசலைத் தாண்டி உள்ளே போய் அமர்ந்தது. உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது; அவ்வழக்கு சிவகாசியில் பிறந்த வழக்கு. 2016இல் சட்டம் திருத்தப்பட்டுப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் எவ்வேலையும் செய்யலாகாது என்று ஆன பின்னும், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற கதவு திறந்தே வைக்கப்பட்டது. பட்டாசுக்கான கருந்திரியை உரிமமின்றி வீடுகளில் வைத்துத் தயாரிப்பது குற்றமென்று தெரிந்தும் அது இன்றுவரை ஒழியவில்லை.

இந்தப் பிள்ளைகளை மீட்ட கருவிகளுள் மிக எளியது எது என்று கேட்டால், பள்ளியின் வருகைப் பதிவேடு என்பதே விடை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்க்காரரான காமராசர் முதலமைச்சராகி மதிய உணவைக் கொண்டுவந்ததன் பயனும் அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான் பிள்ளையைச் சேர்ந்தது. காலையில் ஆசிரியர் பெயரைக் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் பிள்ளை அந்த நேரத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருக்க முடியாது. பத்து நாள் குரல் வராவிட்டால் ஆசிரியர் வீடு தேடி வருவார்.

எனவே, 'எங்கள் பிள்ளை வீட்டில் படிக்கிறாள், கேள்வி கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை' என்று ஒரு கிறிஸ்தவக் குடும்பம் சொல்லி, அச்சொல்லைச் சமுதாயமும் ஏற்றுக்கொண்டால், அடுத்த தெருவில் ஒட்டுவதற்குப் பெட்டிக்கட்டு கொண்டுவந்து இறக்கும் ஏஜென்டும் நாளை அதே சொல்லைச் சொல்வான். முதல் வீட்டில் அது உண்மையாக இருக்கும். இரண்டாம் வீட்டில் பொய்யாக இருக்கும். வாசலில் நின்று கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். பக்தியுள்ள குடும்பத்தின் உரிமை ஏழைப் பிள்ளையின் சிறையாக மாறுவதற்கு இவ்வளவே போதும்.

சட்டத்தின் நிலை இவ்விடத்தில் தெளிவில்லாமல் கிடக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பத்தாம் பிரிவில் கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது கூறவில்லை. அரசமைப்பின் 51அ பிரிவில் 2002இல் சேர்க்கப்பட்ட கடைசிக் கூறோ, பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பதே பெற்றோர் கடமை என்கிறதேயன்றிப் பள்ளி என்ற சொல்லை எடுக்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரே தேர்வெழுதுபவராக, பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை எழுத முடியும். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் எழுத முடியும். ஆக, வாயில் இருக்கிறது. அதுவரை அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்கும் கண்தான் இல்லை. வெளிநாடுகளிலும் இவ்வழக்கு முடிந்துவிடவில்லை: பிள்ளை அரசின் உடைமையல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925இலேயே கத்தோலிக்கக் கன்னியரின் பள்ளிக்காகத் தீர்ப்பளித்தது, ஜெர்மனியிலோ வீட்டுக் கல்விக்கு இடமில்லை, அதை எதிர்த்த கிறிஸ்தவப் பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் தள்ளிவிட்டது. ஜெர்மனியின் தடையும் வேண்டாம், ஒருவரும் எட்டிப்பாராத சுதந்திரமும் வேண்டாம்.

அந்தப் பழைய கடனைத் தீர்க்க வேண்டுவது ஒரு பதிவேடு. வீட்டில் கற்பிக்கும் குடும்பம் தன் பிள்ளையின் பெயரை வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஓர் ஆசிரியர் அவ்வீட்டுக்கு வந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் பார்க்க வேண்டும். பெற்றோர் அருகில் இல்லாமல் பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசவும் வேண்டும். இது ஜெபத்துக்குள் அரசு நுழைவதாகும் என்று அஞ்சுவோர் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வீட்டில் எந்த வேதம் படிக்கப்படுகிறது என்பது அந்த ஆசிரியரின் வேலையே அல்ல. பிள்ளையின் விரல்களில் பசையும் அலுமினியப் பொடியின் வெள்ளிக் கறையும் இருக்கிறதா என்பதே அவர் பார்க்க வேண்டியது. மறைக்க ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு இந்த வருகையால் ஒரு குறையும் நேராது. மறைக்க இருக்கிற வீட்டிலோ இந்த வருகை ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.

இன்னொன்றும் சொல்லப்பட வேண்டும். கணவனும் மனைவியும் விடிந்ததும் பட்டாசு ஆலைக்குப் போகிற வீட்டில் வீட்டுக் கல்வி என்ற பேச்சே எழாது. படித்த தாய் ஒருத்தி கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்கக்கூடிய குடும்பத்துக்கே அது வாய்க்கிறது. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்த பிடியரிசியால் நடந்த பள்ளி. வீட்டில் கற்பிக்கும் தாயும் தன் கல்வியில் ஒரு பிடியை எடுத்துவைக்கட்டும். மாலையில் தன் திண்ணையைத் தெருப்பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் முதல் வாரத்திலேயே, சட்டம் கேட்கும்வரை காத்திராமல், அக்குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தாமாகவே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வருமாறு இவ்வவை கேட்டுக்கொள்கிறது.