விளாவாத வெந்நீர்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த காலெட் என்பாரின் பெயரால், நெசவாளர் குடியிருப்பாக அமைந்தது இவ்வூர். காலெட்பேட்டை மக்கள் நாவில் பழகிக் காலடிப்பேட்டை ஆயிற்று. நாவில் பழகியதே நமதாகிறது. பாட்டும் அத்தகையதே. அவ்வாறு என்னுடையதாகிய ஒரு பாட்டைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கின் பொருட்டு இலங்கை சென்றிருந்தேன். திருக்கோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு நண்பர்கள் அழைத்துச் சென்றனர். சிறு சதுரக் கிணறுகள் ஏழு. அடுத்தடுத்து இருந்தும் ஒன்றன் சூடு மற்றொன்றில் இல்லை. மண்ணுள் ஆழ இறங்கிய மழைநீர் நிலத்தடி வெப்பத்தால் சூடேறி மேலெழுகிறது என்பது அறிவியல். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்ற எழுந்த ஊற்றுகள் என்பது வழிவழிக் கதை. ஈழத்துத் தமிழர் மறைந்தோர்க்குக் கடனாற்றும் இடம் அது. என் அன்னையார் மறைந்து அப்போது பதினொரு திங்கள் ஆகியிருந்தது.

வாளியில் முகந்து தலையில் வார்த்துக்கொண்டேன். திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் நெஞ்சில் எழுந்தது. அன்று முழுதும் அகலவில்லை. மூன்றாந் திருமுறையில் உள்ள அப்பதிகம், என் அன்னையார் வைகறையில் எங்களுக்கு வெந்நீர் விளாவியபடியே பாடுவது. கடலலை முத்துக் கொழிக்கும் அம்மலையை அவர் கண்டதில்லை. திருவொற்றியூர்க் கடலையே கண்டவர். சம்பந்தரும் இராமேச்சுரத்தில் இருந்தே அதனைப் பாடினார் என்பது சேக்கிழார் வாக்கு. காணாதார் பாடிய பாட்டு, கண்டு நின்ற என்னை அழவைத்தது. அன்னையார் மறைந்தது முதல் நான் அழுததில்லை.

ஏன் அழவில்லை? "நிறைவாழ்வு வாழ்ந்தவர்," "வருந்தாதே" என்று வந்தோரெல்லாம் என் துயரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தனர். நானும் ஊற்றிக்கொண்டேன்.

ஜப்பானில் குசாட்சு என்றோர் ஊர் உண்டு. அங்கு ஊற்றுநீர் மேனி தாங்காத சூட்டில் பெருகும். தண்ணீர் கலந்தால் நீரின் மருத்துவக் குணம் குன்றும் என்று, பெண்கள் நீண்ட பலகைகளால் அதனைத் துழாவி ஆற்றுவர், துழாவும்போது பாடுவர். 'யுமோமி' என்பது அவ்வழக்கின் பெயர். அங்கே வெந்நீரை விளாவுவதில்லை, பாட்டோடு ஆற்றுகிறார்கள்.

கன்னியாவில் எனக்கு நேர்ந்ததும் அதுவே. பதிகம் எனக்கு ஆறுதல் எதுவும் கூறவில்லை. என் துயரைத் துழாவிற்று. துயர் குறையாமலே தாங்கும் பதத்திற்கு வந்தது.

கவிஞர் பெருமக்களே, இப்பத்தாண்டுகளில் மறைந்த அன்பர்க்கு நாம் இரங்கற்பாக்கள் படித்தோம். நானும் படித்தேன். "விண்ணுலகு எய்தினார்", "புகழுடம்பில் வாழ்கிறார்" என்று எத்தனை முறை விளாவியிருக்கிறோம்! கேட்டவர் தலையசைத்தனர்; எவர் கண்ணும் நனைந்ததாக எனக்கு நினைவில்லை. பிழை யாப்பில் இல்லை. நாம் கலந்த தண்ணீரில் இருந்தது.

என் அன்னையார்க்கு இன்னும் ஒரு பாவும் எழுதவில்லை. எழுதும் நாளில் அதனை இவ்வட்டத்தில்தான் படிப்பேன். அதில் தண்ணீர் கலந்திருப்பின் நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.