டிரெய்லருக்குக் கரன்ட் கொடுப்பதற்கு முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பி பிளாக் குடியிருப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கோடை விடுமுறை நெருங்கினால் நம் வளாகத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பியிருப்பார்கள். இப்போதெல்லாம் அங்கே போனால் பிள்ளைகள் ஹோட்டலுக்குக் கூட்டிப் போவதில்லை. காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஏசி, வெந்நீர் எல்லாம் உள்ளேயே உண்டு. ஆர்.வி. என்றும் கேம்பிங் டிரெய்லர் என்றும் சொல்கிறார்கள். செயலாளர் என்னை இதைப் பற்றிப் பேசச் சொன்னதற்குக் காரணம், எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்.

அன்று நாங்கள் இன்னும் கிளம்பக்கூட இல்லை. மறுநாள் காலைப் பயணம். ஃப்ரிட்ஜ் குளிரட்டும், வெந்நீரும் சூடாகுதா பார்க்கலாம் என்று என் மகன் டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்தி, கராஜில் இருந்த பிளக் பாயின்டிலிருந்து கரன்ட் எடுத்தான். டிரெய்லரின் பிளக் பெரியது, வீட்டு சாக்கெட் சிறியது. அதனால் நடுவில் ஒரு அடாப்டர். தூரம் எட்டவில்லை. அதனால் புல்வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் வயர். சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. என் மனைவி சமையல் சாமான்களை ஏற்ற வெறுங்காலோடு போய் டிரெய்லரின் கைப்பிடியைப் பிடித்தாள். உடனே கையை உதறினாள்.

"என்னங்க, கை சுர்ருங்குது."

"ஸ்டாட்டிக்கா இருக்கும்மா" என்றான் மகன்.

மழை பெய்து ஈரமாக இருக்கும்போது ஸ்டாட்டிக் வராது. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. யாரும் வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கராஜுக்குப் போய் பிரேக்கரை இறக்கினேன். பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே வந்தால் விஷயம் தெரிந்தது. எக்ஸ்டென்ஷன் வயரின் பிளக்கில் எர்த் பின்னைக் காணோம். எப்போதோ ஒடிந்து போயிருக்கிறது. புல்வெட்டும் மெஷினுக்கு அது தேவைப்படவில்லை, யாரும் கவனிக்கவில்லை.

அதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். டிரெய்லர் நிற்பது ரப்பர் டயரில். தரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் இரும்பு உடம்புக்கு எர்த் என்பது அந்த வயர் வழியாக வருவது மட்டும்தான். எங்கள் டிரெய்லரில் வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட் வெடித்து, கரன்ட் உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிவு அந்த வழியே திரும்பிப் போயிருக்கும். கசிவு பெரிதானால் பிரேக்கர் விழுந்திருக்கும். எர்த் இல்லாததால் வண்டி முழுவதும் கரன்ட் ஏறி, யாராவது தரையில் நின்று தொடட்டும் என்று காத்திருந்தது. அந்த ஊரில் இதை 'ஹாட் ஸ்கின்' என்கிறார்கள். வண்டிக்குள்ளேயே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, கம்பியில் உட்கார்ந்த காக்காய் மாதிரி. ஒரு கால் ஈரத் தரையில், ஒரு கை கைப்பிடியில் என்று இறங்குகிற நேரம்தான் ஆபத்து. ஆகவே இப்படி நேர்ந்தால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்கட்டும். வெளியே இருப்பவர் வண்டியைத் தொடாமல், கரன்ட் புறப்படுகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் பிளக் இல்லாமல் வயரை நேராக சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியைச் சொருகுகிறோமே, அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். இங்கேயும் வேண்டாம், அது வேறு கதை.

இனி கேம்ப் மைதானத்துக்கு வருவோம். ஒவ்வொரு வண்டி நிற்குமிடத்திலும் இடுப்புயரத்துக்கு ஒரு மின்பெட்டி இருக்கும். அதில் பொதுவாக மூன்று வகை சாக்கெட்டுகளைப் பார்க்கலாம். வீட்டுச் சாக்கெட் போன்றது 15 அல்லது 20 ஆம்பியர். அடுத்தது 30 ஆம்பியர், மூன்று பின். பெரியது 50 ஆம்பியர், நான்கு பின். 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் 20 தானே என்று எல்லோரும் நினைப்பார்கள், நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. 30 ஆம்பியர் சாக்கெட்டில் 120 வோல்ட் ஒரே ஒரு ஃபேஸ் வயர், மொத்தம் 3,600 வாட். 50 ஆம்பியரில் 120 வோல்ட் ஃபேஸ் வயர் இரண்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆம்பியர், மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல்.

அடாப்டர் என்பது பிளக்கின் வடிவத்தை மாற்றும், கரன்ட்டைக் கூட்டாது. 50 ஆம்பியர் வண்டியை 30-ல் மாட்டினால் கிடைப்பது 3,600 வாட்தான். கூரை ஏசி ஒன்றே 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். கரன்ட்டில் ஓடும் வாட்டர் ஹீட்டர் சுமார் 12, மைக்ரோவேவும் ஏறக்குறைய அவ்வளவே. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். விழுவது நல்லது. வீட்டுச் சாக்கெட்டில் மாட்டினால் ஃப்ரிட்ஜ், விளக்கு, பேட்டரி சார்ஜ், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிர்ப்புறமும் ஒன்று உண்டு, பலர் யோசிப்பதில்லை. 30 ஆம்பியர் வண்டியை அடாப்டர் போட்டு 50 சாக்கெட்டில் மாட்டினால், வண்டிக்குள் 30 ஆம்பியர் பிரேக்கர் காப்பாற்றும். ஆனால் வெளியே கிடக்கிற வயர் 30 ஆம்பியருக்கானது, அதற்குப் பின்னால் இருப்பதோ 50 ஆம்பியர் பிரேக்கர். வயரே நசுங்கியிருந்தால் நேரத்தோடு கரன்ட் நிற்காது. பக்கத்தில் 30 சாக்கெட் சரியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

50 ஆம்பியரில் இன்னொரு பயம், நியூட்ரல் போவது. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நியூட்ரல் அறுந்து தெரு முழுக்க டிவி, ஃப்ரிட்ஜ் எரிந்த கதை எல்லோர் வீட்டிலும் இருக்கும். அங்கேயும் அதேதான். நியூட்ரல் விட்டுப்போனால் 120 வர வேண்டிய இடத்தில் லோடைப் பொறுத்து 240-ஐ நெருங்கும் வரைகூட ஏறலாம்.

பிள்ளைகள் சொந்த வீட்டிலேயே டிரெய்லருக்கு 30 ஆம்பியர் சாக்கெட் போடச் சொன்னால் கூடவே நில்லுங்கள். அங்கே துணி உலர்த்தும் மெஷினுக்கும் மூன்று பின் 30 ஆம்பியர் சாக்கெட் உண்டு, அது 240 வோல்ட். டிரெய்லர் பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதே நினைப்பில் 240-ஐக் கொடுத்துவிட்டுப் போவது பல பேருக்கு நடந்திருக்கிறது. மாட்டிய அடுத்த நொடி உள்ளே இருப்பவை புகையும்.

ஆகவே வண்டியை மாட்டுமுன் பெட்டியைச் சோதியுங்கள். மல்டிமீட்டர் பழக்கமிருந்தால்: ஃபேஸ்-நியூட்ரல் 120, ஃபேஸ்-எர்த் 120, நியூட்ரல்-எர்த் ஏறக்குறைய பூஜ்யம். நான்கு பின்னில் இரண்டு ஃபேஸுக்கும் இடையே 240. பழக்கமில்லாதவர்கள் ஈ.எம்.எஸ். என்ற காவல் கருவியை நடுவில் போடலாம். எர்த் இல்லையென்றாலும், ஃபேஸ் மாறியிருந்தாலும், வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அதுவே வெட்டிவிடும். பல கருவிகள் 104-க்குக் கீழும் 132-க்கு மேலும் வெட்டும். வெறும் சர்ஜ் புரொடெக்டர் என்று விலை குறைவாகக் கிடைப்பது இதையெல்லாம் செய்யாது, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

மாட்டும்போது பெட்டியின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் பிளக்கைச் சொருகி, பிறகு ஏற்றுங்கள். கழற்றும்போது ஏசியை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, கடைசியில் பிளக். சொருகி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பின் தளர்ந்திருக்கிறது, கருகியிருந்தால் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

லண்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே 230 வோல்ட், நீல நிற வட்டப் பிளக், பெரும்பாலும் 16 ஆம்பியர் வரை. வயர் 25 மீட்டர் நீளம், மிச்சத்தைச் சுருட்டியே வைப்பார்கள். முழு லோடில் சுருள் சூடாகி உருகும். முழுவதையும் விரித்துப் போடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் சி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்: "50 ஆம்பியரில் 240 வோல்ட் இருக்குன்னு சொன்னீங்களே, நம்ம ஊர் மிக்ஸியை அதில் போடலாமா?" வேண்டாம் அம்மா. டிரெய்லருக்குள் வரும் சாக்கெட்டுகள் எல்லாம் 120 தான், அதில் நம் மிக்ஸி முனகும், சட்னி அரையாது. வெளியே பெட்டியில் வயர் இழுத்துச் சேர்க்கவும் நினைக்காதீர்கள். அங்கேயே ஒரு சின்ன மிக்ஸி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடாமலே கரன்ட் காட்டும் பேனா டெஸ்டர் ஒன்று சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். பயணம் போகிறவர்கள் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். அங்கே முதலில் கரன்ட் இருக்கிற சாக்கெட் ஒன்றில் வைத்து அது கத்துகிறதா என்று பாருங்கள். பிறகு தரையில் நின்றபடி வண்டியின் இரும்புப் பகுதி அருகே கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் கொடுத்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றி.