முன்பின் அறியாதார் செய்த உதவி

நெடுந்தூரப் பிரயாணம் செய்வோருள் துவிச்சக்கர வண்டியில் செல்பவரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. புகைவண்டியில் செல்பவருக்கு ஆசனமும் கூரையும் உண்டு. மோட்டார் வண்டியில் செல்பவர் கதவை அடைத்துக்கொண்டு ஊரைக் கடந்துவிடலாம். துவிச்சக்கர வண்டியில் செல்பவரோ வெயிலிலும் மழையிலும் ஊரார் கண்முன்னே மெல்லச் செல்கின்றார். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க வேண்டும். இருட்டினால் இடம் கேட்க வேண்டும். வண்டி பழுதுற்றால் கொல்லன் பட்டறையைத் தேட வேண்டும். ஆகவே, அவருடைய பிரயாணத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், அது பெரும்பாலும் முன்பின் அறியாதார் செய்த உதவிகளின் சரித்திரமாகவே முடியும்.

1884ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர், முன்சில்லு மிகப் பெரிதும் பின்சில்லு மிகச் சிறிதுமான பழைய வகை வண்டியொன்றில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1886 டிசம்பரில் யப்பானின் யொகொஹாமா துறைமுகத்தை அடைந்தார். துருக்கியிலும் ஈரானிலும் மக்கள் திரண்டு வந்து, வண்டியில் ஏறிக் காட்டும்படி அவரை வற்புறுத்தினர். அத்தொல்லையைக் கொடுத்த ஊர்களே அவருக்கு உணவும் படுக்கையும் கொடுத்தன. சீனாவில் சினங்கொண்ட கூட்டமொன்று அவரைச் சூழ்ந்தபோது, அடைக்கலம் கொடுத்துக் காத்தவர்களும் சீனரே.

அவருக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளின் பின் ஒரு பெண்மணி தனியே புறப்பட்டார். அயர்லாந்திலுள்ள லிஸ்மோர் என்னும் சிற்றூரில் 1931இல் பிறந்த டேர்வ்லா மேர்பி, தமது பத்தாவது பிறந்தநாளுக்குப் பழைய துவிச்சக்கர வண்டியொன்றையும் தேசப்படப் புத்தகமொன்றையும் பரிசாகப் பெற்றார். விடாது மிதித்தால் இந்தியாவையே அடைந்துவிடலாம் என்னும் எண்ணம் அப்பொழுதே அவருள்ளத்தில் பதிந்தது. ஆயின், நோயுற்ற தாயைப் பராமரிக்கும் கடமை குறுக்கே நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெண்ணம் காத்திருந்தது. 1962இல் தாயார் காலமானார். 1963 ஜனவரியில், ஐரோப்பா கண்ட மிகக் கடுமையான குளிர்காலங்களில் ஒன்றிலே, பிரான்சின் டன்கேர்க் துறையிலிருந்து அவர் டில்லியை நோக்கிப் புறப்பட்டார்.

அவர் கள்ளமறியாத பேதையல்லர். கைத்துப்பாக்கி ஒன்றை உடன் கொண்டு சென்றார். அதற்கு வேலையும் இருந்தது. யூகோசிலாவியாவில் ஓநாய்கள் தாக்கின. ஈரானில் வண்டியைப் பறிக்கச் சிலர் முயன்றனர். ஆப்கானிஸ்தானில் பேருந்தொன்றிற் சென்றபோது, துப்பாக்கியின் அடிக்கட்டை இடித்து அவருடைய விலா எலும்புகள் மூன்று முறிந்தன. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும், தம் மனத்தை மிகவும் கவர்ந்தவர்கள் ஆப்கானியரே என்று அவர் எழுதினார். எலும்பை முறித்த ஒரு நாளை வைத்து ஒரு நாட்டை அவர் அளக்கவில்லை. தேநீர் தந்து, தரையில் இடம் ஒதுக்கி, வழி சொல்லி அனுப்பிய பல நாட்களையும் அவர் கணக்கிற் சேர்த்தார்.

அந்நாட்டுப் பஷ்தூன் மக்களிடையே மெல்மஸ்தியா எனப்படும் வழக்கம் ஒன்றுண்டு. வாயிலுக்கு வந்தவர் எந்த இனத்தவராயினும், எந்தச் சமயத்தவராயினும், கைம்மாறு கருதாது உணவும் இடமும் அளிக்க வேண்டும்; தம் கூரையின்கீழ் இருக்கும்வரை அவருடைய பாதுகாப்புக்கும் வீட்டுக்காரரே பொறுப்பு. தமிழிலும் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். உறவினரை உபசரிப்பது சுற்றம் ஓம்புதல். புதியவரை உபசரிப்பதே விருந்தோம்பல். அறிந்தவருக்குக் கொடுப்பதில் அச்சமில்லை. அறியாதவருக்குக் கதவைத் திறப்பவர், சோற்றை மட்டுமன்றித் தம் நம்பிக்கையையும் கொடுக்கின்றார்.

இங்கே ஏற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டார் உண்பதையே உண்ண வேண்டும்; அவர்கள் உறங்கும் தரையிலே உறங்க வேண்டும்; மறுநாட் காலையிற் பணப்பையைத் திறந்து அவர்கள் மனத்தைப் புண்படுத்தாதிருக்க வேண்டும். மேர்பி பாக்கிஸ்தானின் சுவாத் பகுதியில் அரச குடும்பத்தாரின் விருந்தினராக இருந்தார். ஏழைகளின் தேநீர்க்கடையிலும் படுத்துறங்கினார். டன்கேர்க்கிலிருந்து டில்லி வரை ஆறு மாதங்களில் அவருக்கு ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 64 பவுண். இத்தொகை அவருடைய சிக்கனத்தை மாத்திரம் காட்டவில்லை. வழிநெடுக எத்தனையோ அடுப்புகளில் அவருக்கும் சேர்த்து ரொட்டி சுடப்பட்டது என்பதையும் காட்டுகின்றது.

1963 ஜூலையில் அவர் டில்லியை அடைந்தார். அத்துடன் பிரயாணம் முடிந்தது. பெற்ற கடன் முடியவில்லை. வழியில் உதவியோர் பலருக்கு விலாசம் இல்லை. அவர்களுட் சிலருடைய பெயரைக்கூட அவர் அறியார். அவர்களைத் தேடித் திரும்பிச் சென்று கைம்மாறு செய்தல் எவ்வாறு இயலும்?

மேர்பி அவ்வாண்டிலேயே இமயமலைச் சாரலிலுள்ள தர்மசாலாவுக்குச் சென்றார். திபெத்திலிருந்து அகதிகளாக வந்த சிறுவர்கள் அங்கே நோயினாலும் ஊட்டக்குறைவினாலும் வாடிக்கொண்டிருந்தனர். தாயகம் இழந்த அக்குழந்தைகளுக்கு அவர் யாரோ ஓர் அந்நியப் பெண். ஆயினும் சில மாதங்கள் அங்கே தங்கி, அவர்களுக்குப் பணிவிடை செய்தார். ஆப்கானியக் கிராமத்தில் வாங்கிய கடனைத் திபெத்தியக் குழந்தையிடம் அடைத்தார் என்று சொன்னால் அது தவறாகாது. பிரயாணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1965இல் வெளிவந்தது. அதன் பின்னரும் பல நாடுகளைச் சுற்றி, பல நூல்களை எழுதி, 2022இல் தாம் பிறந்த லிஸ்மோரிலேயே அவர் காலமானார்.

வழியிற் பெறும் உதவியை உதவியவருக்கே திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு மிக அரிது. வேறோர் ஊரில், வேறொரு முகத்துக்கு அதனைக் கொடுக்கலாம். அவ்வாறு கைமாறிக் கைமாறிச் செல்வதனாலேயே, பெயரறியாத நாட்டில் பெயரறியாத ஒருவரின் கதவைத் தட்டும் துணிவு, இருட்டும் வேளையிற் களைத்து வந்து நிற்கும் வழிப்போக்கருக்கு இன்றும் உண்டாகின்றது.