கடல் கடந்த வீடுகளிலே காணும் சிறு மகிழ்ச்சிகள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



எமக்குத் தரப்பட்ட பொருள் இல்லறம். அதனைப் பரக்கப் பேசுதற்கு எமக்கு வயதும் போதாது, அநுபவமும் போதாது. இல்லறத்தின் சிறப்பை இச்சபையில் வீற்றிருக்கும் பெரியோர்கள் சொல்ல நாம் இருந்து கேட்பதே முறை. ஆதலின் அப்பொருளில் ஒரு சிறு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்தவர் பிறநாடுகளிலே குடும்பம் நடத்துகையில், அந்த வீட்டுச் சுவர்களுக்குள்ளே நாள்தோறும் அடைகின்ற சின்னஞ்சிறு மகிழ்ச்சிகள் எவை என்பதே அது.

இம்மூலையை ஏன் தெரிந்தெடுத்தோம் எனில், குடாநாட்டிலே கடல் கடந்த உறவினர் இல்லாத வீடு அரிது. அவ்வுறவினரோடு நாம் கதைக்கும் கதையோ பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று காசு, மற்றது கவலை. "வீடு வாங்கியாச்சோ? விசா சரிவந்திட்டுதோ? தங்கச்சியின்ர கலியாணத்துக்கு எவ்வளவு அனுப்புவாய்?" "இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்பார் மிகச் சிலர். கேளாத கேள்விக்கு விடை வாராது. அதனாலே பிறநாட்டு வாழ்வென்றால் ஒன்று குபேரபட்டணம், அன்றேல் சிறைச்சாலை என்றே எம்மூரிலே பலர் கருதுகின்றனர். அங்கும் அடுப்பு எரிகிறது, அங்கும் பிள்ளை சிரிக்கிறது என்பது இவ்விரண்டு கருத்துக்கும் நடுவே காணாமற் போய்விடுகிறது.

முதலிலே மலாயாவைச் சொல்லவேண்டும். எம்மவர் குடும்பத்தோடு கடல் கடந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்க மிசனார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்தது. அதன் வழியாக வந்த மிசன் பாடசாலைகளிலும், பின்பு எழுந்த சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற இளைஞருக்கு இங்கே உத்தியோகம் போதவில்லை. மலாயாவிலோ 1885 இல் தைப்பிங்குக்கும் போட் வெல்ட் துறைக்கும் இடையிலே முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பாதை நீள நீள நிலைய அதிபரும் எழுதுவினைஞரும் நில அளவையாளரும் தேவைப்பட்டனர். எம்மவர் கப்பலேறினர். முதலிலே தனியாட்களாகச் சென்றார்கள். பின்பு ஊருக்கு வந்து கலியாணம் செய்து மனைவியையும் கூட்டிச் சென்றார்கள்.

கோலாலம்பூரிலே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதி அக்குடும்பங்களுக்குப் பேர்போனது. நூறு குவாட்டேஸ் என்று சொல்லப்பட்ட வரிசை வீடுகள் அங்கே இருந்தன, இப்போது இல்லை. 1904 இல் தொடங்கிய விவேகானந்த ஆச்சிரமம் இன்றும் இருக்கிறது. வெயிலும் மழையும் தென்னையும் எம்மூரை ஒத்திருந்தமையால் வீட்டுப் பெண்களுக்கு அதிகம் சிரமமில்லை. முருங்கைத் தடியை நட்டால் அது தழைத்தது. கறிவேப்பிலை வேலியோரத்திலே நின்றது. நீத்துப்பெட்டியும் இடியப்ப உரலும் கப்பலிலே கூடப் போயின.

எமது குடும்பத்திலே பூட்டனார் ஒருவரின் கணக்குக் கொப்பி ஒன்று உண்டு. அவர் அங்கே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். மாதந்தோறும் முதல் வரி, 'ஊருக்கு மணியோடர்.' அதன் கீழே அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடப் பணம். இவற்றுக்கிடையே அடிக்கடி வேறொரு வரி வரும்: 'பிள்ளைகளுக்கு ஐஸ்.' தொகை சில சதம். ஐசைச் சீவி, கையாலே உருண்டையாகப் பிடித்து, மேலே நிறப் பாணியை ஊற்றிக் கொடுப்பார்களாம். அதை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்து உறிஞ்சவேண்டும். இல்லையேல் விரல் விறைத்துப்போகும். அந்த மணியோடர்களாலே இங்கே ஒரு கல்வீடு எழுந்தது. யுத்தத்திலே ஷெல் விழுந்து அந்த வீடு கூரையின்றிச் சுவர்மாத்திரமாக நின்றது. ஐஸ் உறிஞ்சிய பிள்ளைகளுள் ஒருவரோ தொண்ணூறு வயதிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கொப்பியிலே எந்த வரி வீண்செலவு, எந்த வரி முதலீடு என்பதைக் கணக்கியல் படிக்கும் நண்பர்கள் தீர்மானிக்கட்டும்.

வீடு என்பது அக்காலத்திலே கடலின் இரு கரையிலும் கால் வைத்து நின்றது. தந்தை செல்வா எனப் போற்றப்படும் செல்வநாயகம் அவர்கள் 1898 இல் ஈப்போவிலே பிறந்து தெல்லிப்பழையிலே வளர்ந்தவர். சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சராகிய இராசரத்தினம் அவர்கள் 1915 இல் வட்டுக்கோட்டையிலே பிறந்து செரம்பானிலே வளர்ந்தவர். எங்கே பிறப்பது, எங்கே வளர்ப்பது என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் கூடிக் கதைத்துத் தீர்க்கும் காரியமாக இருந்தது போலும்.

1942 இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின் 1945 வரை கடிதமும் இல்லை, மணியோடரும் இல்லை. இங்குள்ளோர் அங்குள்ளோரின் உயிருக்காகக் கோயில்களிலே நேர்த்தி வைத்தனர். அங்கே அரிசி கிடையாமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. மரவள்ளி மாவிலே பிட்டு அவித்து, ஊர்ப் பிட்டு என்று பெயர் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிட்டின் சுவை எப்படியிருந்ததோ, அந்தப் பெயரைச் சொல்லிய வாய்க்கு அது தேவைப்பட்டது.

இனிக் குளிர் நாடுகளுக்கு வருவோம். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் எம்மவர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன போக்கு வேறு. அது உத்தியோகத்துக்காகப் போன பயணம் அன்று. நியமனக் கடிதமும் இல்லை, குவாட்டேசும் இல்லை. பாரிசிலும் சூரிச்சிலும் உணவகங்களிலே கோப்பை கழுவி, ஓரறையிலே ஆறு பேர் படுத்தெழும்பித் தொடங்கிய வாழ்வு அது. முருங்கை நட்டால் முளையாத மண். ஆகவே மலாயாவிலே எம்மவர் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள் எனில், குளிர் நாடுகளிலே ஒவ்வொன்றாக மீண்டும் செய்யவேண்டியிருந்தது.

கறிவேப்பிலையைப் பாருங்கள். எமது வளவிலே அதை யாரும் கவனிப்பதில்லை. தெருவாலே போகிறவரும் ஒரு நெட்டை முறித்துக்கொண்டு போவார். ரொறன்ரோவிலே அது சாடியிலே நிற்கிறது. வைகாசியிலே வெளியே வைப்பார்கள். புரட்டாதி கழியக் குளிருக்குமுன் உள்ளே எடுத்துவிடுவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்துவதுபோலச் சன்னலருகே வெயில் படும் பக்கமாகத் திருப்பித் திருப்பி வைப்பார்கள். மாசி மாதத்திலே ஒரு புதுத் துளிர் விட்டால் அந்தப் படம் உடனே எமது கைபேசிக்கு வந்துவிடும். வெளியே முழங்கால் மட்டும் பனி. உள்ளே இரண்டங்குலத் துளிர். அந்தப் படத்துக்கு இங்கிருந்து ஒருவரும் மறுமொழி எழுதுவதில்லை. அதன் அருமை இங்கே எப்படித் தெரியும்?

தைப்பொங்கலும் அப்படியே. இங்கே இருளோடு எழும்பி முற்றம் மெழுகிக் கோலமிட்டு ஞாயிற்றை எதிர்கொள்கிறோம். ரொறன்ரோவிலே அந்நாளில் ஞாயிறு எழுவது 8 மணிக்குச் சற்று முன்னர். ஒஸ்லோவிலோ 9 மணியளவில். நன்றாக நித்திரை கொண்டு எழும்பியும் சூரியனுக்கு முந்திவிடலாம் என்று அங்குள்ள எமது மைத்துனர் ஒருவர் பெருமை பேசுவார். ஆனால் மின்னடுப்பிலே பொங்குவதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. பால் பொங்கி வழியவேண்டும். வழிந்தால் அடுப்பு பழுதாகும். ஆகையால் அம்மாவானவர் ஒரு கையிலே துணியோடு நின்று, வழியட்டும் என்றும் வழியவேண்டாம் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்வார். அடுக்குமாடியிலே அயலவர் உறங்குவதனால் பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்பதை இரகசியம் சொல்வதுபோலச் சொல்லுவார்கள். அந்த இரகசியக் குரலை ஒருமுறை வீடியோவிலே கேட்டோம். எமது முற்றத்து வெடிச்சத்தத்திலும் அது நன்றாயிருந்தது.

மிளகாய் வறுத்தாற் புகை மணி அலறும். உடனே மூத்த பிள்ளை கதிரையிலேறித் துவாயாலே வீசும். அது அந்தப் பிள்ளையின் உத்தியோகம். வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது.

ஒடியற் கூழைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தவர் என்று எம்மை ஒருவரும் ஏற்கமாட்டார்கள். ஒடியல் மா இங்கிருந்துதான் போகவேண்டும். ஊரிலிருந்து போவோரின் பெட்டியிலே சீலைக்கும் சேட்டுக்கும் நடுவே அது போகிறது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவை நீரிலே ஊறவிட்டுக் காறலை வடித்துப் பெரிய பானையிலே கூழ் காய்ச்சுவார்கள். பலாவிலை கோலி ஈர்க்குக் குத்திக் குடிக்க அங்கே பலா இல்லை, கடதாசிக் கோப்பைதான். ஆயினும் ஒரே பானையைச் சுற்றி எல்லாரும் இருப்பது மாறவில்லை. திருவள்ளுவ நாயனார் மக்கட்பேற்றின் இன்பத்தைச் சொல்லவந்தபோது பொன்னையும் மணியையும் எடுத்தாரில்லை. குழந்தையின் சின்னக் கை அளைந்த கூழையே எடுத்தார். அவருடைய கூழ் எந்தக் கூழோ அறியோம். எம்மூர்க் கூழாக இருந்தாற் கை சுட்டிருக்கும்.

மிசன் பாடசாலையிலே படித்தமையால் வேதாகமத்திலே ஒரு சங்கீதம் எமக்கு நினைவிலிருக்கிறது. சிறையாகிப் பபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் தம் வாத்தியங்களை ஆற்றங்கரை மரங்களிலே தூக்கிவிட்டு, அந்நிய தேசத்திலே எமது பாட்டை எப்படிப் பாடுவோம் என்று அழுதார்களாம். 137 ஆம் சங்கீதம் அது. அந்த அழுகை நியாயமானதே. எம்மவரும் அழுதவர்கள்தாம். 1990 களிலே குடாநாட்டிலே மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதிருந்தபோது, தாய் இறந்த செய்தி ஈமக்கிரியை முடிந்து பல நாளாகியே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்த வீடுகள் இச்சபையிலேயே உண்டு. அத்துன்பத்தை நாம் சிறிதாக்க வரவில்லை. ஆனால் எம்மவர் வாத்தியத்தை மரத்திலே தூக்கிவிட்டு இருந்துவிடவில்லை. அழுதுகொண்டே ஒடியலை ஊறவிட்டார்கள்.

பெயர்மகளுக்கு முற்றம் என்றால் என்னவென்று காட்டிய ஆச்சி ஒருவரை அறிவோம். பிள்ளை அடுக்குமாடியிலே பிறந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே அந்தச் சொல் வந்தது. "ஆச்சி, முற்றம் எண்டால் என்ன?" ஆச்சி விளக்கம் சொல்லவில்லை. கைபேசியைத் திண்ணையிலே சாய்த்து வைத்துவிட்டு, முற்றத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கூட்டிக் காட்டினார். இப்போது அந்தப் பிள்ளை பல்கனியிலே விழும் பனியைச் சின்னத் தும்புத்தடியாலே தள்ளிவிட்டு, "ஆச்சி, நானும் முற்றம் கூட்டிப்போட்டன்" என்கிறது. ஆச்சிக்கு முழங்கால் நோ. ஆனாலும் அந்த அழைப்பு வரும் நாளிலே இரண்டு தரம் கூட்டுகிறார்.

இளைஞராகிய எமக்குள் ஒரு வார்த்தை. இங்கே ஐயெல்ற்ஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டு விசாவை எதிர்பார்த்திருக்கும் நண்பர் பலர், வாழ்வு அங்கே போனபின்தான் தொடங்கும் என்று இருக்கின்றனர். தாய் போடும் தேத்தண்ணீரைக்கூட நின்றநிலையிலே குடிக்கின்றனர். அங்கே போனவர்களிலும் பலர், கடன் முடியட்டும், வீட்டுக் காசு கட்டி முடியட்டும், பென்சனோடு ஊருக்கு வந்து வாழலாம் என்று வாழ்வைத் தள்ளிவைக்கின்றனர். மலாயன் பென்சனியர் பலர் அப்படியே வந்தும் இருக்கின்றனர். வந்தபின் அவர்கள் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்து பேசியதெல்லாம் மலாயாவைப் பற்றி. கேட்ட பெரியோர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

ஸ்காபரோவிலே எமக்கு ஒரு சித்தி இருக்கிறார். சித்தப்பாவுக்கு இரவு வேலை, அவருக்குப் பகல் வேலை. காலை 6.30 க்குச் சித்தப்பா வீட்டுக்கு வருவார். 7 மணிக்குச் சித்தி பஸ்சுக்குப் போகவேண்டும். இடையிலே உள்ள அரை மணித்தியாலத்திலே இருவரும் குசினி மேசையிலிருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். பிள்ளைகள் அந்நேரம் எழும்பமாட்டார்கள். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லையாம். சித்தப்பா பாணிலே சம்பல் வைத்துச் சாப்பிடுவார், சித்தி பார்த்துக்கொண்டிருப்பார். கலியாணமாகி இருபது வருடமாக அதுதான் தமக்குக் கிடைத்த சினிமா, கடற்கரை எல்லாம் என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அங்கே காலை 6.30 என்பது கோடைகாலத்திலே இங்கே மாலை 4 மணி. மத்தியான உறக்கம் முடிந்து, தேத்தண்ணீரோடு இருந்து, வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்க எம்மூரவர்க்கு வாய்ப்பான நேரம். நாளுக்கு ஒருவராயினும் எடுத்துவிடுவார்கள். கூரைக்கு ஓடு மாற்றும் கதை, காணி எல்லைக் கதை, கோயில் உபயக் கதை. சித்தி எவரிடமும் எடுக்கவேண்டாம் என்று சொன்னதில்லை. நாம் ஒருநாள் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு, அந்தக் கதை இந்தக் கதையாகப் போனபோதே இது வெளிவந்தது.

எம் வீட்டிலே இப்போது 5 மணி கழிந்த பின்னரே எடுப்பது வழக்கம். அந்நேரம் சித்தி பஸ்சிலே இருப்பார். சன்னலோரத்திலே இடம் கிடைத்ததா இல்லையா என்பதிலிருந்து கதை தொடங்கும்.